வெள்ளைச் சொக்லேட்டில் இனிப்புக்குப் புள்ளி இல்லை

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அண்ணா, நட்ஸ் போட்ட வெள்ளைச் சொக்லேட் ஐந்து வகை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொன்றுக்கும் பத்துக்குப் புள்ளி போடுகிறார்களாம். எல்லாவற்றுக்கும் ஒன்பதும் பத்தும்தான். "எதை வைத்துப் புள்ளி போடுவது அக்கா? வெள்ளைச் சொக்லேட் சொக்லேட்டே இல்லை என்று இவர் சொல்கிறார், சரியா? கஜு போட்டு நானே வீட்டில் செய்து விற்கலாமா?" மூன்று கேள்வி.

நான் கொழும்பில் ஓர் இனிப்புப் பண்ட நிறுவனத்தில் தரம் பார்க்கும் பகுதியில் 14 வருடம் இருந்தவள். நாக்கால் சம்பளம் வாங்கினேன் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். இப்போது கொக்குவிலில் இருந்துகொண்டு கேக் வகுப்பு நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பதில் வரும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் வழக்கைத் தீர்த்துவிடுவோம். அவர் சொல்வது பாதி சரி. கொக்கோ விதையை அரைத்துப் பிழிந்தால் இரண்டு பொருள் பிரியும். ஒன்று மண்ணிறத் தூள், கசப்பும் சொக்லேட் மணமும் அதில்தான். மற்றது மஞ்சள் சாயலுள்ள கொழுப்பு, கொக்கோ பட்டர். வெள்ளைச் சொக்லேட்டில் அந்தத் தூள் கிடையாது. கொக்கோ பட்டர், பால்மா, சீனி, கொஞ்சம் வனிலா, அவ்வளவுதான். ஆனாலும் அதே விதையின் கொழுப்புத்தானே? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குறைந்தது 20 வீதம் கொக்கோ பட்டரும் 14 வீதம் பாலின் திடப்பொருளும் இருந்தால்தான் 'வெள்ளைச் சொக்லேட்' என்று உறையில் போடலாம். சீனி 55 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கா கூடுதலாக ஒரு கட்டும் போட்டிருக்கிறது. அங்கே அந்த விதி நடைமுறைக்கு வந்ததே 2004இல்தான். நெஸ்லே ஐரோப்பாவில் வெள்ளைச் சொக்லேட் விற்கத் தொடங்கியது 1936இல். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் அதற்கென்று சட்டத்தில் ஒரு வரைவிலக்கணம் இருக்கவில்லை. ஆகவே அது சொக்லேட்டா என்று சந்தேகப்படும் முதல் ஆள் உங்கள் வீட்டுக்காரர் இல்லை.

அவர் சொல்வது முழுக்கச் சரியாகும் இடமும் ஒன்று உண்டு. கடையில் வெள்ளையாக, பளபளவென்று, மலிவாகக் கிடைக்கும் பலதில் கொக்கோ பட்டரே இல்லை. உறையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் சீனிக்கு அடுத்ததாக 'வெஜிடபிள் ஃபற்', 'பாம் கேர்னல் ஒயில்' என்று வந்தால் அது கொம்பவுண்ட். சாப்பிடலாம், குற்றமில்லை, ஆனால் வேறு சாதி. அதையும் உண்மையான வெள்ளைச் சொக்லேட்டையும் ஒரே கொப்பியில் வைத்துப் புள்ளி போடுவது, நல்லெண்ணெய்த் தோசையையும் மாஜரீன் தோசையையும் பக்கத்தில் வைத்துத் தோசை மாவுக்குப் புள்ளி போடுவது மாதிரி.

நிறத்தைப் பார்த்தே ஓரளவு பிடிக்கலாம். கொக்கோ பட்டர் உள்ளது பழைய யானைத் தந்தம் மாதிரி, பசும்பால் ஏடு மாதிரி மெல்லிய மஞ்சளாக இருக்கும். பாடசாலைச் சட்டை மாதிரி வெள்ளை என்றால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு பட்டியலைப் பார்த்த பிறகு.

சரி, புள்ளிக்கு வருவோம்.

பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒன்பது, பத்துப் போடுவதற்குக் காரணம் அவர்கள் இனிப்புக்குப் போடுகிறார்கள். வெள்ளைச் சொக்லேட்டில் பாதியளவு சீனிதான். நல்லதும் இனிக்கும், கூடாததும் இனிக்கும். கறுப்புச் சொக்லேட்டில் ஒரு பிழை நடந்தால் கொக்கோவின் கசப்பு அதைக் கொஞ்சம் மூடிவிடும். வெள்ளையில் மூட ஒன்றுமில்லை. கொழுப்புப் பழசா, பால்மா வாடையா, பருப்பு சிக்குப் பிடித்ததா, எல்லாம் நேரே நாக்கில் வந்து நிற்கும். அதனால் நான் இனிப்புக்கென்று தனிப் புள்ளி ஒதுக்குவதே இல்லை. மொத்தம் 20. அதில் பருப்புக்கு 6, கரைவதற்கு 5, மணத்துக்கு 3, உடைவுக்கும் தோற்றத்துக்கும் 3, விழுங்கிய பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது என்பதற்கு 3. பருப்புக்கு ஏன் கூட என்று கேட்பீர்கள். நட்ஸ் போட்ட சொக்லேட் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் பருப்பில்தான்.

எப்போது ருசி பார்க்கிறோம் என்பதும் முக்கியம். காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, பத்து மணியளவில் நல்லது. எங்கள் கறித்தூள் போட்ட கத்தரிக்காய்க் குழம்பு மத்தியானம் உள்ளே போனால் பின்னேரம் வரைக்கும் நாக்கு வேறு எதையும் கேட்காது. இடையிடையே வாயைக் கழுவ இளஞ்சூட்டுத் தண்ணீரும், ஒரு கிள்ளுப் பாணோ உப்புக் குறைந்த கிறீம் கிரேக்கரோ போதும். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், கொழுப்பு வாயிலேயே உறைந்துபோகும். பிளேன்டீயும் வேண்டாம், சாயத்தின் துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டு ஐந்து கிராமுக்கு மேல் வேண்டாம். ஒரு அமர்வில் ஐந்து வகை போதும், ஆறாவதுக்கு நீங்கள் போடும் புள்ளி களைப்பின் புள்ளி. உறையை யாருக்கும் காட்டக்கூடாது. ஒருவர் குசினியில் நின்று துண்டுகளைத் தட்டில் வைத்து, கீழே கடதாசியில் இலக்கம் எழுதி அனுப்பவேண்டும். உறையில் பனிமலையும் தங்கத் தாளும் இருப்பதைக் கண்டால் நாக்கு தானாகவே இரண்டு புள்ளி கூட்டிப் போடும். எனக்கும் அப்படித்தான்.

போன வருடம் எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது. கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்தது நாலு வகை. ஐந்தாவது நான் முதல் நாள் விடிய எழும்பிச் செய்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ருசி பார்க்க ஆறு பேர். அதில் அம்மம்மாவும் ஒருவர். அவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "கடிக்கேலாது, சூப்பித்தான் சொல்லுவன்" என்றார். கரைவதற்குப் புள்ளி போட அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று எனக்கு அப்போதுதான் பட்டது. கடிக்கிறவர்கள் அவசரப்பட்டு மென்று விழுங்கிவிடுகிறோம். அவர் ஒரு துண்டை மேல்வாயில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

கரைவதை அப்படித்தான் பார்க்கவேண்டும். துண்டை நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள், மெல்லாதீர்கள். நன்றாக உறைந்த கொக்கோ பட்டர் உருகுவது சுமார் 34 பாகை செல்சியஸில். எங்கள் உடல் சூடு 37. அதனால் வாய்க்குள் போனதும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரேயடியாகக் கரையும். உருகும்போது வாயின் சூட்டை உறிஞ்சுவதால் நாக்கில் மெல்லிய குளிர் தெரியும். அந்தக் குளிர் வந்தால் நல்ல சகுனம். பிறகு வாய் சுத்தமாக இருக்கவேண்டும். கொம்பவுண்டில் பலதும் கரைந்த பிறகு மேல்வாயில் மெழுகு பூசின மாதிரி ஒரு படை விடும். நாக்கின் நுனியால் தடவிப் பாருங்கள், வழுக்கும்.

மூன்றாம் இலக்கம் வந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் 18 போட்டார்கள். நல்ல வெள்ளை, மேலே தேங்காய்த் துருவலும் கஜுத் துண்டும், பார்க்கக் கலியாண வீட்டுப் பலகாரம் மாதிரி. அம்மம்மா மட்டும் வாயில் இருந்ததைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சவுக்காரம் மணக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தொழிலில் இந்தப் பிழைக்கு நாங்கள் வைத்திருந்த பெயரும் அதேதான், சவர்க்கார வாடை. பாம் விதை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் லோரிக் அமிலம் அதிகம். அது கொழுப்போடு பிணைந்திருக்கும்வரை வாடை இல்லை. கொஞ்சம் ஈரமும், சரியாக வறுபடாத பருப்பிலோ தேங்காயிலோ மிஞ்சியிருக்கும் நொதியமும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்து அமிலம் வெளியே வரும். சவர்க்காரம் செய்வதும் இதே எண்ணெய்களில்தானே. படிக்காத நாக்கு பத்து வினாடியில் சொன்னதை நாங்கள் அறிக்கை எழுதி இரண்டு நாளில் சொல்லுவோம். அது எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்லப்போவதில்லை. நாலு நாள் எந்த வெயிலில் கிடந்ததோ, அவர்கள் பக்கம் பிழை இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொரு வித்தையும் உண்டு, பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. சிறுகுறிஞ்சா இலை இரண்டை வாயில் போட்டு நன்றாக மென்று துப்பிவிட்டு, பிறகு வெள்ளைச் சொக்லேட் ஒரு துண்டைச் சாப்பிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்துக்கு இனிப்பு நாக்குக்குத் தெரியாது, சீனி மணல் மாதிரி இருக்கும். மிஞ்சுவது கொழுப்பும் பாலும் பருப்பும் மட்டும். சீனியின் திரையை விலக்கிவிட்டு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரி. நல்ல சொக்லேட் அப்போதும் பால் ஏடு மாதிரி இருக்கும். மலிவானது மெழுகுதிரி.

பருப்புக்கு வருவோம், எனக்கு விருப்பமான இடம்.

முதலில் பருப்பைக் கத்தி நுனியால் தோண்டி எடுத்துத் தனியே சாப்பிடுங்கள். இரண்டாக வெட்டி உள்ளே பாருங்கள். நடுவரைக்கும் ஒரே மாதிரி மெல்லிய பொன்னிறம் இருந்தால் ஆறுதலாக வறுத்திருக்கிறார்கள். வெளியே கறுத்து உள்ளே வெள்ளை என்றால் அவசரம். கடிக்கும்போது சத்தம் வரவேண்டும். மெத்தென்று இருந்தால் ஈரம் வாங்கிவிட்டது, பாதிப் புள்ளியைக் குறைத்துவிடுங்கள். பிறகு மூக்கால் மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். சாமியறைக் குத்துவிளக்கைக் கழுவாமல் விட்டால் அடியில் கறுத்துக் கிடக்கும் எண்ணெய்க்கு ஒரு மணம் உண்டல்லவா? அந்த மணத்தின் சாயல் கொஞ்சம் வந்தாலும் பருப்புச் சிக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பூச்சியம். பரிதாபம் பார்க்கவேண்டாம்.

எந்தப் பருப்பு வெள்ளைச் சொக்லேட்டுக்குப் பொருத்தம் என்பதில் எனக்கு உறுதியான கட்சி உண்டு. ஹேசல்நட் முதலாவது. வறுத்தால் வரும் மணம் கனமானது, தோலில் கொஞ்சம் கசப்பும் இருக்கும், வெள்ளைக்கு இல்லாததை அது கொடுக்கிறது. பாதாம் தோலோடு என்றால் அடுத்தது. தோல் உரித்த பாதாம் எனக்குச் சப்பென்று இருக்கும். பிஸ்தா நல்லது, ஆனால் உப்புப் போட்டு வறுத்திருக்கவேண்டும். பிஸ்தாக் கிறீம் நிரப்பிய துபாய் சொக்லேட் என்று ஊரெல்லாம் ஓடித்திரிந்த பிறகு பச்சை நிறத்தில் வருவதெல்லாம் பிஸ்தா என்று சனம் நம்புகிறது. பட்டியலில் பிஸ்தா எத்தனை வீதம் என்று பாருங்கள், சிலதில் நிறம்தான் பிஸ்தா. மக்கடேமியாவை எல்லாரும் கொண்டாடுவார்கள், எனக்கு ஒத்துவராது. அதில் முக்கால் பங்கு கொழுப்பு. கொழுப்புக்குள் கொழுப்பைப் போட்டு என்ன செய்வது, நெய்யைத் தொட்டு வெண்ணெய் சாப்பிடுகிற மாதிரி.

கஜுவுக்கும் அதே குறை, கொஞ்சம் குறைவாக. (இந்தியாவில் முந்திரி என்பதைத்தான் நாங்கள் கஜு என்கிறோம். இங்கே முந்திரிகை என்றால் பந்தலில் தொங்குகிற பழம்.) கஜு இனிப்பானது, மெதுவானது, பால் மாதிரியே. பாலையும் சீனியையும் கஜுவையும் சேர்த்தால் என்ன வரும் என்று எங்கள் நாக்குக்கு ஏற்கெனவே தெரியும்: மில்க் ரொபி. நாங்கள் எந்த வெள்ளைச் சொக்லேட்டையும் மனதுக்குள் மில்க் ரொபியோடுதான் ஒப்பிடுகிறோம். மில்க் ரொபி ஏன் வெல்லுகிறது? பாலும் சீனியும் தாச்சியில் கொதித்து மண்ணிறமாகும்போது ஒரு கருகல் ருசி வருகிறது. வெள்ளைச் சொக்லேட்டில் அது இல்லை. அதனால் கஜு போடுவதென்றால் நன்றாகப் பொன்னிறமாக வறுத்து உப்புத் தூவாமல் போடக்கூடாது. பச்சைக் கஜுவை வெள்ளைச் சொக்லேட்டில் போடுவது பால்சோற்றுக்குப் பால் ஊற்றுவது.

கச்சானை, அதுதான் நிலக்கடலையை, மறந்துவிடக்கூடாது. நல்லூர் வீதியில் மணலில் வறுத்துச் சுடச்சுடச் சரை கட்டித் தரும் கச்சானின் மணத்துக்கு முன்னால் இந்த வெளிநாட்டுப் பருப்புகளில் பாதி நிற்காது. எங்கள் வீட்டு ஐந்தாம் இலக்கம் அதுதான். மணலில் வறுத்த கச்சானைத் தோல் ஊதி, ஒன்றிரண்டாக உடைத்து, ஒரு சிட்டிகை உப்போடு உண்மையான வெள்ளைச் சொக்லேட்டில் கலந்தது. 20க்கு 16 வந்தது. அன்றைக்கு முதலாவது. ஹேசல்நட் முழுதாகப் போட்ட வெளிநாட்டுக் கட்டி ஒன்று இருந்தது. தொழிலில் இருந்த காலத்தில் அதே கட்டிக்கு நான் 17 போட்டிருக்கிறேன். அன்று 11தான் கிடைத்தது. காரணம் சொக்லேட் இல்லை, வழி.

யாழ்ப்பாணத்தில் புள்ளி போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்கவேண்டும். சித்திரை வைகாசியில் பகல் 32, 33 பாகைக்கு வந்துவிடும். பூட்டிய வாகனத்துக்குள் அதைவிட எவ்வளவோ கூட. கட்டுநாயக்காவில் இருந்து இங்கே வர வானில் ஏழெட்டு மணித்தியாலம். சூட்கேஸ் வானின் கூரையில் கட்டப்பட்டிருந்தால் சொக்லேட் மதவாச்சிக்கு முன்னரே உருகிவிடும். இரவில் இறுகும். அடுத்த நாள் திரும்ப உருகும். கொக்கோ பட்டர் ஆறு விதமாகப் பளிங்காகும். அதில் ஒரு விதம்தான் பளபளப்பும் 'டக்' என்று உடையும் தன்மையும் தரும். தொழிற்சாலையில் சூட்டை ஏற்றி இறக்கி அந்த விதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வானில் உருகி இறுகுவதை யார் பார்த்து ஏற்றி இறக்குவது? கண்டபடி இறுகும். கறுப்புச் சொக்லேட் என்றால் மேலே சாம்பல் பூத்துக் காட்டிக் கொடுக்கும். வெள்ளையில் அந்தப் பூப்பு கண்ணுக்குத் தெரியாது, நிறமும் நிறமும் ஒன்று. பளபளப்புப் போய்ச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கிறதா, உடைத்தால் சத்தம் இல்லாமல் பொருபொருவென்று உதிர்கிறதா என்று பாருங்கள். பருப்பின் எண்ணெயும் இந்தச் சூட்டில் வெளியே வந்து சுற்றியுள்ள சொக்லேட்டை இளக்கிவிடும். பருப்பைச் சுற்றி ஈரமான வட்டம் மாதிரித் தெரியும். சாப்பிடலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்குப் போடும் புள்ளி அந்த நிறுவனத்துக்கு இல்லை, வான் பயணத்துக்கு. கொப்பியில் உருகி இறுகியது என்று ஒரு அடையாளம் போட்டுவிடச் சொல்லுங்கள்.

வெளிச்சமும் எதிரி. கொக்கோத் தூளில் உள்ள, கொழுப்புப் பழுதாகாமல் காக்கும் பொருட்கள் வெள்ளையில் இல்லை. அதனால் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில், ஒளி ஊடுருவும் உறையில் அடுக்கிவைத்ததை வாங்காதீர்கள். இரவில் மெயினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகும் கடையில் ஏசிக்குள் இருந்தாலும் வாங்காதீர்கள்.

பிரிட்ஜில் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் ஊரில் வேறு வழியில்லை, வையுங்கள். ஆனால் இறுக்கமான டப்பாவில், மீனும் வெங்காயமும் இல்லாத தட்டில். கொக்கோ பட்டர் வாடையை வாங்கிக்கொள்வதில் பஞ்சு மாதிரி. எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வையுங்கள். உடனே திறந்தால் மேலே வியர்த்து, சீனி கரைந்து, காய்ந்ததும் மணல் மாதிரிச் சொரசொரப்பாகும். ருசி பார்க்கும்போது சொக்லேட் 20, 22 பாகையில் இருந்தால் உத்தமம். பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு சாப்பிட்டால் மணமே வராது. கனபேர் இந்தப் பிழையைச் செய்துவிட்டு மணத்துக்குச் சைபர் போடுகிறார்கள்.

உங்கள் ஐந்து வகை எவை என்று நீங்கள் எழுதவில்லை. வழமையாக இங்கே வந்து சேருபவற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. டொப்ளரோனின் வெள்ளையில் முழுப் பருப்பு இருக்காது, தேனும் பாதாமும் சேர்ந்த நூகாத் துணுக்குகள்தான். பருப்புக்கான ஆறு புள்ளியை அந்தத் துணுக்குக்குப் போடுங்கள். பல்லில் ஒட்டுவது அதன் இயல்பு, பிழை அல்ல. கிண்டர் புவெனோ வெள்ளையில் ஹேசல்நட் அரைத்துக் கிறீமாக இருக்கிறது, வேஃபர் வேறு. அதை விசுக்கோத்துக் கூட்டத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். ரஃபயெல்லோ உருண்டையை வெள்ளைச் சொக்லேட் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அது தேங்காய்த் துருவல், வேஃபர், நடுவில் ஒரு முழுப் பாதாம். கொக்கோ பட்டரைத் தேடவேண்டாம். ருசியானதுதான், நானே ஒரு பெட்டியை முடித்திருக்கிறேன், ஆனால் இந்தப் போட்டியில் ஓடும் குதிரை அல்ல. எங்கள் நாட்டுக் கண்டோஸ், றிட்ஸ்பரி இரண்டிலும் கஜு போட்ட பால் சொக்லேட்டைப் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துப் பாருங்கள். கொக்கோ சேர்ந்ததும் அதே கஜு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று தெரியும். 2022 ஓகஸ்டில் சொக்லேட் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திவைத்த காலத்தில் உள்ளூர்ச் சொக்லேட்டை மறுபடி ருசிபார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மூன்றாவது கேள்வி, செய்து விற்பது.

செய்யலாம். ஆனால் என்ன விற்கிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். கேக் சாமான் கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் கட்டி பெரும்பாலும் கொம்பவுண்ட். உருக்கி ஊற்றினால் தானாக இறுகும், எங்கள் சூட்டையும் ஓரளவு தாங்கும், பிறந்தநாள் பெட்டிக்கு வசதி. அதை விற்பதில் வெட்கமில்லை, 'சுவிஸ் சொக்லேட்' என்று பெயர் வைத்து விற்காதவரைக்கும். கொக்கோ பட்டர் உள்ளதில் செய்வதென்றால் உடல் உழைப்புக் கூட. மூன்றில் இரண்டு பங்கைச் சுடுதண்ணீருக்கு மேல் பாத்திரத்தில் வைத்து 42 பாகை வரை உருக்குங்கள். அதற்கு மேல் போனால் பால்மா கட்டிபடும். இறக்கிவைத்து மிச்ச ஒரு பங்கைத் துருவலாகப் போட்டுக் கிளறிக் கிளறி 27க்கு இறக்குங்கள். பிறகு இலேசாகச் சூடு காட்டி 28, 29இல் வைத்து வேலை செய்யுங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அறையே 31 பாகையில் இருக்கும் ஊரில் இது எப்படி இறுகும்? ஏசி அறை வேண்டும். இல்லாவிட்டால் மார்கழி, தை மாதத்து விடியற்காலை. நான் நாலு மணிக்கு எழும்பினதன் காரணம் அதுதான், பக்தி இல்லை.

ஒரு துளி தண்ணீர் பட்டாலும் முழுப் பாத்திரமும் திரண்டுவிடும். கரண்டியைத் துடைத்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள், ஒரு மணித்தியாலம் முன்னரே கழுவிக் காயவிடுங்கள். 300 கிராம் சொக்லேட்டுக்கு 100 கிராம் பருப்பு போதும். பருப்பை 150 பாகை அவணில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட்டுப் போடவேண்டும். சூடாகப் போட்டால் நீங்கள் பாடுபட்டு இறக்கிய பாகையெல்லாம் வீண்.

கஜுதான் போடப்போகிறேன் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். கொக்கோ பட்டர் உள்ள வெள்ளைச் சொக்லேட்டைத் தட்டில் பரப்பி 120 பாகை அவணில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் எடுத்துக் கிளறுங்கள். இடையில் மண் மாதிரித் திரண்டு பயமுறுத்தும், விடாமல் கிளறினால் திரும்ப இளகும். முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தில் பசும்பால் நிறம் போய்ப் பழுப்பாகும், வீடெல்லாம் மில்க் ரொபி மணம் வரும். பிரான்ஸ் நாட்டு வல்ரோனா நிறுவனம் 2012இல் டல்சே என்ற பெயரில் இந்த மாதிரிச் சொக்லேட்டை விற்பனைக்கு விட்டது. உப்பும் வறுத்த கஜுவும் சேர்த்து அதில் செய்து பாருங்கள், கஜு அங்கேதான் வாய் திறந்து கதைக்கும். கொம்பவுண்டில் இதை முயற்சிக்கவேண்டாம், அந்த ருசியும் வராது, கட்டியும் வீணாகும்.

விற்கும் பெட்டியில் என்ன பருப்பு என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். அதே தாச்சியில் கச்சானும் வறுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள், சிலருக்கு ஒரு பொடி பட்டாலே மூச்சு இழுக்கும். வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளின் தாய்மார் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அண்ணா அடுத்த தடவை வரும்போது சொக்லேட்டை சூட்கேஸின் நடுவில், ஜீன்ஸுக்கும் துவாய்க்கும் உள்ளே சுற்றி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்கேஸ் வானின் கூரையில் ஏறக்கூடாது, சீற்றுக்குப் பக்கத்தில் வரவேண்டும். வந்ததும் ஒரு கட்டியை உடைத்துக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கேளுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் பிள்ளைகளின் கொப்பியைத் திறக்கலாம்.